முழுத்தாவர உணவும் முன்னோர் பெருமையும்

"தாவர உணவில் இல்லாத சத்து எதுவும் இல்லை, நம் முன்னோர் குளிசை விழுங்கியா நூறாண்டு வாழ்ந்தனர்?" என்னும் வினாவை நமது பல்கலைக்கழக வளாகத்திலே சில ஆண்டுகளாக நான் பன்முறை கேட்டு வருகின்றேன். விடுதியின் பொது அறையிலும் சிற்றுண்டிச்சாலையிலும், ஏன், ஆய்வுகூடத்து வாயிலிலுங்கூட இவ்வினா எழுப்பப்படுகின்றது. வடிவத்தால் வினாவாயினும் பயனால் இது வினாவன்று, முடிந்த முடிபு. விடையை எதிர்பாராது கேட்கப்படும் இத்தகைய வினாக்களுக்கு விடை கூறத் துணிபவன் பகையைத் தேடிக்கொள்வான் என்பதை அறிந்தே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ஊன், மீன், முட்டை என்பவற்றோடு பால், தயிர், நெய், தேன் என்பவற்றையும் விலக்கி, தாவரங்களிலிருந்து கிடைப்பவற்றை மாத்திரம் உண்ணும் முறையை ஆங்கிலேயர் 'வீகன்' உணவு என்பர். ஈண்டு அதனை முழுத்தாவர உணவு எனக் குறிப்பிடுவேன். ஒன்பது ஆண்டுகளாக நானும் இம்முறையைக் கைக்கொண்டு வருபவன். இன்னும் கைவிடவில்லை, கைவிடும் எண்ணமும் இல்லை. ஆதலின் ஊனுண்போர் அணியிலிருந்து எறியப்பட்ட கல்லாக இக்கட்டுரையை எவரும் கொள்ளவேண்டியதில்லை. என் அணியினரின் தவறான வாதத்தை நானே மறுக்க முற்படுவதற்குக் காரணம், அவ்வாதம் தோற்கும் வாதம் என்பது மட்டுமன்று. அதனை நம்புவோரின் நரம்புகளை அது தின்றுவிடும் என்பதுமாகும்.

முதலில் முன்னோரை எடுத்துக்கொள்வோம். நம் முன்னோருள் ஒருசாரார் சைவ உணவு உண்டனர் என்பது மெய்யே. ஆனால், சைவ உணவு முழுத்தாவர உணவன்று. யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டின் பின்புறத்தே மாட்டுக்கொட்டில் இருந்தது. பாலும் தயிரும் மோரும் நெய்யும் அவ்வீட்டின் உணவில் மட்டுமன்றி வழிபாட்டிலும் இடம்பெற்றன. பாலை விலக்கிய ஒரு சைவ மரபை எனக்குக் காட்டுவார் யாருமிலர். பசுவின் மடியிலிருந்து கறந்து குடித்தவனைச் சான்றாக நிறுத்தி, "பசுவின் பால் வேண்டியதில்லை" என நிறுவ முற்படுதல் எங்ஙனம் பொருந்தும்? மேலும், மாட்டுக்கொட்டில் இருந்த வீடுகளையே நாம் 'முன்னோர்' என நினைவுகூர்கின்றோம். கொட்டில் இல்லாத வீட்டார் என்ன உண்டனர், எத்துணை ஆண்டு வாழ்ந்தனர், அவர்தம் குழந்தைகளுள் எத்தனை பேர் ஐந்து வயதைக் கண்டனர் என்பவற்றை நம் பெருமைப் பேச்சுக்கள் கேட்டதில்லை. நூறாண்டு வாழ்ந்த பாட்டன் ஒருவரைப் பற்றிய கதை பேரப்பிள்ளைகளால் சொல்லப்படுகின்றது. முப்பதில் மாண்டவனின் கதையைச் சொல்லப் பேரப்பிள்ளைகள் இல்லை.

மரபுணவிலே அறிவு இல்லை என்று நான் கூறவில்லை. இவ்விடத்து, எதிர்த்தரப்பார் தமக்குச் சாதகமாக எடுத்துக்காட்டக்கூடிய மிகச் சிறந்த சான்றை நானே முன்வைக்கின்றேன். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே மலாயாவிற் பெரிபெரி என்னும் நோய் பல்லாயிரவரைக் கொன்றது. கால்கள் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் சோர்ந்து மாண்டோருட் பெரும்பாலோர் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர். அதே நாட்டிலே தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. இருவரும் சோறே உண்டனர். சீனர் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சையரிசி; தமிழர் உண்டது புழுங்கலரிசி. அங்கு பணியாற்றிய பிரடன் என்னும் ஆங்கில மருத்துவர் இவ்வேறுபாட்டைக் கவனித்து 1907இல் நூலாக வெளியிட்டார். பிளெச்சர் என்னும் மற்றொருவர் 1905இல் கோலாலம்பூரிலே மனநோயாளர் விடுதியில் ஒரு பகுதியினர்க்குப் புழுங்கலரிசியும் மறுபகுதியினர்க்குத் தீட்டிய அரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் தீட்டிய அரிசியைத் தொடர்ந்து சென்றது. (தம் விருப்பைக் கூறவியலாத நோயாளர்மீது செய்யப்பட்ட அச்சோதனையின் அறம் வேறு, அது தனியே எழுதப்படவேண்டிய குற்றப்பத்திரிகை.) நெல்லைப் புழுக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் என்னும் விற்றமின் பி1 அரிசியின் உட்பகுதிக்குட் சென்று தங்கிவிடுகின்றது, பின்னர் தீட்டினாலும் முழுவதும் நீங்குவதில்லை. யாவாத் தீவிலே கோழிகளை நோக்கி இதே பாதையில் முன்னரே நடந்த எய்க்மன் 1929இல் நோபல் பரிசு பெற்றார்.

பெருமைப்படத்தக்க செய்திதான். ஆயினும், இதிலிருந்து பெறப்படுவது யாது? புழுங்கலரிசி தமிழரைக் காத்தது; தயமினைப் பற்றித் தமிழர் அறிந்திருந்தமையால் அன்று, நெல் புழுக்கும் வழக்கம் இருந்தமையால். வழக்கம் ஒன்றிலே நன்மை ஒளிந்திருக்கலாம், தீமையும் ஒளிந்திருக்கலாம், ஒன்றுமே இல்லாதிருத்தலும் கூடும். இவற்றுள் எது என்பதை ஒப்பிட்டும் அளந்தும் அறிதல் வேண்டும். அளந்தபின் வந்த பெருமையை ஏற்றுக்கொண்டு, அளந்தபின் வந்த குறையை மறுத்தல் அறிவுடையோர் செயலாகாது.

அக்குறை யாதெனின், விற்றமின் பி12. இதன் வரலாறு சுவையானது, சுருங்கக் கூறுகின்றேன். உயிர்கொல்லிக் குருதிச்சோகை எனப்பட்ட நோய்க்கு ஈரலைப் பெருமளவில் உண்ணக் கொடுத்து மைனற், மர்பி என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1926இல் பயன்கண்டனர். ஈரலில் உள்ள பொருள் எது என்பதை அறிய மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 1948இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியே அது செந்நிறப் பளிங்காகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் நடுவே கோபாற்று என்னும் உலோக அணு ஒன்று அமைந்துள்ளமையும் கண்டறியப்பட்டது. டொறதி ஹொட்ச்கின் என்னும் பேரறிஞை எக்ஸ் கதிர்களைக் கொண்டு 1956இல் அதன் முழு அமைப்பையும் வெளிப்படுத்தினார். 1964இல் நோபல் பரிசும் பெற்றார்.

இவ்விற்றமினை எந்தத் தாவரமும் ஆக்குவதில்லை. எந்த விலங்கும் ஆக்குவதில்லை. சிலவகைப் பற்றீரியாக்களும் அவற்றையொத்த நுண்ணுயிர்களுமே அதனை ஆக்கவல்லன. "பசு புல்லைத்தானே தின்கின்றது? அதற்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்போர் உளர். பசுவின் முதல் இரைப்பையிலே வாழும் பற்றீரியாக்கள் அதனை ஆக்குகின்றன. அதன்பின் வரும் குடலிலே பசு அதனை உறிஞ்சிக்கொள்கின்றது. மனிதனின் பெருங்குடலிலும் இத்தகைய பற்றீரியாக்கள் உள்ளன. ஆனால், நம் உடல் பி12ஐ உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைப்பகுதி. ஆக்கப்படுமிடமோ அதற்கும் அப்பாற்பட்ட பெருங்குடல். ஆற்றின் கீழ்ப்பாகத்திலே பெய்த மழை மேலே உள்ள வயலை நனைக்காது.

இவ்விடத்திலே நன்கு படித்த ஒரு நண்பர் குறுக்கிட்டு, வேலூர் ஆய்வை நினைவூட்டுவார். ஆம், 1980இல் ஆல்பேட், மாதன், பேக்கர் என்னும் மூவர், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தாம் செய்த ஆய்வை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். தென்னிந்தியர் சிலரது சிறுகுடலில் வாழும் பற்றீரியாக்கள் பி12ஐ ஆக்கவல்லன என்பது அவர்தம் முடிபு. முன்னோர் பெருமை பேசுவோருக்கு இது தெய்வவாக்காயிற்று. ஆனால் அவ்வாய்வு கூறியது, அப்பற்றீரியாக்கள் ஆக்கவல்லன என்பதே. ஒருவனுக்கு வேண்டிய முழுவதையும் ஆக்கித் தருகின்றன என்பதன்று. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை நம்மவர் ஒரே தாவலிற் கடந்துவிடுகின்றனர்.

அவர்கள் படியாத மற்றொரு கட்டுரையும் உண்டு. அதுவும் வேலூரிலிருந்தே வந்தது. அதிலும் பேக்கர் கையொப்பமிட்டுள்ளார். 1962இல் 'லான்செற்' என்னும் மருத்துவ இதழிலே வெளியான அக்கட்டுரை, தாய்ப்பால் மட்டுமே உண்டு வளர்ந்த குழந்தைகள் சிலரைப் பற்றியது. அக்குழந்தைகள் சோர்ந்து கிடந்தனர். முன்னர் சிரித்தவர் சிரிப்பை மறந்தனர். கற்றுக்கொண்ட அசைவுகளை இழந்தனர். தோல் கறுத்தது, சிலரது உறுப்புக்கள் தாமாகவே நடுங்கின. தாய்மார் உண்ட உணவிலே விலங்குணவு மிக அருகியிருந்தது. அவர்தம் குருதியிலும் பாலிலும் பி12 குறைந்திருந்தது. அவ்விற்றமினைக் கொடுத்தபோது குழந்தைகள் தேறினர். வேலூரின் இரு கட்டுரைகளையும் ஒருங்கே வைத்து நோக்குக. பற்றீரியாக்கள் போதுமாயின் அக்குழந்தைகள் ஏன் நடுங்கினர்? அத்தாய்மாரும் தென்னிந்தியரே, நம் முன்னோரின் வழித்தோன்றல்களே.

இங்கிலாந்திலே குடியேறிய இந்தியரிடையேயும் இதனையொத்த நிலை காணப்பட்டது. இலண்டனின் வடமேற்கிலுள்ள ஹரோப் பகுதியில், மரக்கறியுண்ணும் இந்துக்கள் பலர் பருவுருவச் செல்களையுடைய குருதிச்சோகையால் வருந்தியதைச் சனாரினும் அவர்தம் குழுவினரும் 1985இல் எடுத்துக்காட்டினர். இந்தியாவில் இருந்தபோது நீரிலும் உணவிலும் கலந்த மாசும் நுண்ணுயிரும் சிறிதளவு பி12ஐத் தந்திருக்கலாம். தூய நீரும் கழுவிய கீரையும் அதனை நிறுத்தியிருக்கலாம் என ஒருசாரார் கருதினர். இது கருதுகோளே. ஆயினும் அது மெய்யாயின், நம் முன்னோர் உணவின் 'நிறைவு' எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே தூரம் குறைவாயிருந்த காலத்தை மீட்டுக்கொணர எவரும் விரும்பார் என நம்புகின்றேன்.

இனி, புளித்த மா, பழஞ்சோறு, சுருள்பாசி என்பன. இட்டலியிலும் பழஞ்சோற்றிலும் உடலுக்கு வேண்டிய பி12 கிடைக்கின்றது எனக் கூறுவோர் அளவு கூறுவதில்லை. கூறினும், அளந்த முறையைக் கூறுவதில்லை. பழைய அளவை முறைகள் சில, மெய்யான பி12ஐயும் அதனைப் போன்ற தோற்றமுடைய ஆனால் மனித உடலுக்குப் பயன்படாத சேர்வைகளையும் வேறுபிரித்து அறியாதவை. சுருள்பாசியில் மிகுதியாக உள்ளது இப்போலிச் சேர்வையே. அழகிய பச்சைநிறப் பொதியில் அடைத்து விற்கப்படும் அத்தூள், வயிற்றுக்குட் சென்று செய்வது ஒன்றே: உண்டவனுக்கு அச்சம் நீங்குகின்றது. அச்சம் நீங்கியவன் குளிசை தேடமாட்டான்.

என் சொந்த அனுபவத்தை ஈண்டு கூறுதல் பொருந்தும். ஒருவனது உடம்பு நிறுவற்சான்று ஆகாது என்பதை அறிவேன், ஆயினும் எடுத்துக்காட்டாகலாம். முழுத்தாவர உணவை மேற்கொண்ட முதல் ஐந்து ஆண்டுகளும் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. தோன்றாமைக்குக் காரணம் இப்போது தெரிகின்றது. வளர்ந்தோர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய பி12 ஏறத்தாழ 2.4 மைக்கிரோகிராம், அதாவது ஒரு கிராமைப் பத்திலட்சம் கூறாக்கின் அவற்றுள் இரண்டரைக் கூறுகூட இல்லை. ஈரலோ சில ஆயிரம் மைக்கிரோகிராமைச் சேமித்து வைக்கவல்லது. நான் சிறுவயதிற் குடித்த பாலையும் உண்ட மீனையும் என் ஈரல் ஐந்து ஆண்டுகளாக எனக்குப் படியளந்து வந்தது. நானோ அதனை என் கொள்கையின் வெற்றியெனப் பலரிடம் பறைசாற்றி வந்தேன். ஆறாம் ஆண்டிலே பாதங்கள் விறைத்தன. நூலகப் படிக்கட்டில் இறங்கும்போது, கால் படியில் ஊன்றியதா இல்லையா என்பதைக் கண்ணால் நோக்கி அறியவேண்டியிருந்தது. படித்த பக்கத்தைத் திரும்பவும் படித்தேன்; முதன்முறை படித்தது நினைவிலில்லை. முதலிற் கண்ட மருத்துவர், "மீன் சாப்பிடும், எல்லாம் சரிவரும்" என்றார். இரண்டாமவர் குருதியைப் பரிசோதித்தார், ஊசி ஏற்றினார், என் உணவைப் பற்றி ஒரு சொல்லும் இகழ்ந்து கூறவில்லை. சில மாதங்களில் நடை திரும்பிற்று. இடது காற் பெருவிரலின் உணர்ச்சி மட்டும் இன்றுவரை முழுமையாகத் திரும்பவில்லை.

இந்நோயின் கொடுமை அதன் மறைவிலே உள்ளது. அதனை மேலும் மறைக்கும் ஒரு பொருள் நல்ல மரக்கறி உணவிலேயே நிறைந்திருத்தல் வியப்பிற்குரியது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1928 முதல் பம்பாயிலே, கருவுற்ற ஆலைத்தொழிலாளப் பெண்களின் குருதிச்சோகையை ஆராய்ந்தார். நாம் பாணிற் பூசும் மார்மைற் என்னும் மதுவச் சாறு அதனைப் போக்குவதையும் கண்டார். அச்சாற்றிற் பயன்விளைத்த பொருள் போலிக்கமிலம் எனப் பின்னர் தெளியப்பட்டது. பருப்பிலும் கீரையிலும் அது நிரம்ப உண்டு. ஆனால், பி12 குறைவாலும் இதே தோற்றமுடைய குருதிச்சோகை வரும். போலிக்கமிலம் அச்சோகையைச் சீராக்கிவிடும். நரம்பின் அழிவையோ தடுத்து நிறுத்தாது. குருதி நன்றாயிருக்கின்றது எனப் பரிசோதனைத்தாள் கூறிக்கொண்டிருக்க, முதுகு நாண் உள்ளே பழுதடைந்து கொண்டிருக்கும். நம் நாட்டிற் கருவுற்ற தாய்மாருக்குச் சிகிச்சை நிலையங்களில் இரும்பும் போலிக்கமிலமும் கொண்ட குளிசைகள் வழங்கப்படுகின்றன. அது நற்பணி, ஐயமில்லை. அத்துடன், "பால், முட்டை, மீன் இவற்றுள் எதனையேனும் உண்கின்றீரா?" என்னும் ஒரு வினாவையும் ஒவ்வொரு தாயிடமும் கேட்குமாறு செய்தல் வேண்டும். இல்லை என்பவளுக்குப் பி12உம் கொடுத்தல் வேண்டும். வேலூர்க் குழந்தைகளைப் பற்றி 1962இலேயே எழுதப்பட்டுவிட்டது. இன்னும் ஒரு குழந்தை அக்காரணத்தால் நடுங்குமாயின், அதனை அறியாமை என நாம் பெயரிட இயலாது.

மறுதரப்பாரையும் விட்டுவிடுவதற்கில்லை. "குளிசையில் வாழ வேண்டிய உணவு இயற்கைக்கு மாறானது" என்பது அவர்தம் நகைப்பு. அந்நகைப்பு கோழிக்கறியை மென்றவாறே எழுகின்றது. அடைத்து வளர்க்கப்படும் அக்கோழிக்கு அளிக்கப்படும் தீவனத்திலே விற்றமின் பி12 ஆலையிலிருந்து வாங்கிக் கலக்கப்படுகின்றது என்பதை அவர் அறியார். நான் குளிசையை நேரே விழுங்குகின்றேன். அவர் கோழியை இடைத்தரகனாக வைத்து விழுங்குகின்றார். குளிசையிலுள்ள பி12ஓ, பற்றீரியாக்களைத் தொட்டிகளில் வளர்த்துப் பெறப்படுவது. எந்த விலங்கும் அதன்பொருட்டுக் கொல்லப்படுவதில்லை. 'குளிசை' என்றதும் நம் அணியினர் வெட்கமடைதலும் எதிரணியினர் வெற்றிக்களிப்படைதலும் ஒரே அறியாமையின் இரு பக்கங்கள்.

'புரதம் எங்கே?' என்னும் கூச்சலும் அவ்வணியிலிருந்தே வருவது. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோவமிலம் குறைவு. பருப்பிலே அது மிகுதி. பருப்பிற் குறைவான மெதியோனின் அரிசியில் உண்டு. சோறும் பருப்பும் உண்பவன் இவ்விரண்டையும் பெறுகின்றான். பிரான்சிஸ் மூர் லாப்பே என்னும் அமெரிக்கப் பெண்மணி 1971இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், இவற்றை ஒரே வேளையில் அளந்து சேர்த்துண்ண வேண்டும் என வற்புறுத்தினார்; 1981ஆம் ஆண்டுப் பதிப்பிலே அக்கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். தம் தவற்றைத் தாமே திருத்தும் அப்பண்பை இருதரப்பாரும் கற்றுக்கொள்ளலாம். வயிறாரச் சோறும் பயறும் கடலையும் உழுந்தும் உண்பவனுக்குப் புரதம் ஒரு சிக்கலே அன்று.

இரும்பு சிக்கல்தான், அதுவும் நாமே வலிந்து தேடிக்கொண்ட சிக்கல். தாவர உணவில் உள்ள இரும்பு, இறைச்சியில் உள்ளது போல எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2001இல், மரக்கறியுண்போருக்கு மற்றையோரினும் 1.8 மடங்கு இரும்பு வேண்டும் எனக் கணித்தது. தேசிக்காய்ப் புளியும் நெல்லிக்காயும் கொய்யாவும் தரும் விற்றமின் சி அவ்வுறிஞ்சலைப் பெருக்குகின்றது; தேநீரிலுள்ள தனின் முதலியன அதனைத் தடுக்கின்றன. கீரைக்கறியிலே தேசிக்காய் பிழிந்து உண்ட நம் பாட்டி செய்தது நன்று. உண்ட கையோடு வெறுந்தேநீர் குடிக்கும் நாம் செய்வது தீது. மாணவர் விடுதியிலே உணவும் தேநீரும் ஒரே மணியோசைக்கு வருகின்றன. ஒரு மணிநேர இடைவெளி விடுதற்கு எந்த விடுதிக்காப்பாளரின் அனுமதியும் தேவையில்லை. மாணவியர் இதனைச் சிறப்பாகக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

கல்சியத்துக்குக் குரக்கன் உண்டு. நூறு கிராம் மாவில் ஏறத்தாழ 340 மில்லிகிராம். முருங்கையிலையிலும் எள்ளிலும் உண்டு. அவற்றுட் பைற்றிக்கமிலமும் ஒட்சலேற்றும் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக் கொள்ளுமாதலின், அட்டவணையில் உள்ளதெல்லாம் எலும்பிற் சேர்ந்துவிடும் எனக் கணக்கிடல் தவறு. ஊறவைத்தலும் முளைகட்டுதலும் புளிக்கவைத்தலும் பைற்றிக்கமிலத்தைக் குறைக்கும். நாகம் என்னும் உலோகச்சத்துக்கும் இது பொருந்தும். இம்மட்டில் பாட்டியின் அடுக்களை ஆய்வுகூடத்தை வென்றுவிட்டது. அயடீனுக்கு, 1995 முதல் இந்நாட்டில் விதிக்கப்பட்ட அயடீன் சேர்ந்த உப்பே போதும். இயற்கை உப்பு என்று கூறி விற்கப்படும் பொதிகளை வாங்குமுன் எழுத்தைப் படிக்க. விற்றமின் டீக்கு வெயில். நூலகத்தில் அது கிடையாது.

"அமெரிக்க உணவியலாளர் கழகமே ஏற்றுக்கொண்டுவிட்டது" என 2016ஆம் ஆண்டு அறிக்கையைச் சுட்டுவோர்க்கும் ஒரு சொல். அவ்வறிக்கை, தகுந்தவாறு திட்டமிடப்பெற்ற முழுத்தாவர உணவு எல்லாப் பருவத்தினர்க்கும் ஏற்றது என்றது. 'திட்டமிடப்பெற்ற' என்னும் அடைமொழியை நம்மவர் விழுங்கிவிட்டு எஞ்சிய தொடரை முழங்குகின்றனர். 2025இல் அக்கழகம் வெளியிட்ட புதிய அறிக்கையோ, கருவுறாத, பாலூட்டாத வளர்ந்தோரைப் பற்றி மாத்திரமே பேசுகின்றது. ஏனையோருக்கு ஆகாது என அது கூறவில்லை. அவர்களைப் பற்றிப் பேசவேயில்லை. அவ்வமைதியை இருதரப்பாரும் தத்தமக்கு ஏற்ற ஒலியாக மொழிபெயர்த்துக்கொள்கின்றனர்.

இவ்வியக்கத்தைத் தோற்றுவித்த ஆங்கிலேயரிடம் நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. டொனால்ட் வற்சனும் அவர்தம் நண்பரும் 1944இல் வீகன் சங்கத்தை நிறுவியபோது பி12 என்பது இன்னும் கண்டறியப்படவில்லை. அவர்கள் அறியாது இடர்ப்பட்டனர். 1955இல் வோக்ஸ் முதலிய ஆய்வாளர், அம்முறையினர் சிலரிடம் நாப்புண்ணும் கைகால் விறைப்பும் கண்டதை வெளியிட்டனர். இன்று அச்சங்கம் தன் உறுப்பினரை நோக்கி, பி12 சேர்த்த உணவையோ குளிசையையோ தவறாது உட்கொள்க என வெளிப்படையாகக் கூறுகின்றது. அதனாற் கொள்கை தளரவில்லை. நாமோ அவர்களின் கொள்கையை இறக்குமதி செய்து, அதன்மேல் முன்னோர் முத்திரையைக் குத்தி, கூடவே வந்த எச்சரிக்கைத்தாளைக் கிழித்தெறிந்துவிட்டோம்.

இதுகாறும் விரும்பி மேற்கொண்டோரைப் பற்றியே பேசினேன். ஆனால் இந்நாட்டில் முழுத்தாவர உணவினராய் உள்ளோர் பலர் அறத்தினால் அங்ஙனம் ஆனவரல்லர், விலைவாசியினால் ஆனவர். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே பால்மாவுக்காக வரிசையில் நின்றவரை நாம் கண்டோம். முட்டையும் கருவாடும் பலரது உணவிலிருந்து மறைந்ததையும் கண்டோம். மலையகத் தோட்டங்களிலே ரொட்டியும் சம்பலும் வெறுந்தேநீரும் ஒரு வேளை உணவாதல் எந்த நெருக்கடிக்கும் முற்பட்ட செய்தி. அங்குள்ள பெண்களிடையே குருதிச்சோகை மலிந்திருத்தலும் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டதே. "தாவர உணவே நிறைவானது, முன்னோர் அதில் வாழ்ந்தனர்" என்று மேடையில் முழங்கும்போது, அம்முழக்கம் இவர்தம் காதிலும் விழுகின்றது, இவர்க்குப் பொறுப்பானவர் காதிலும் விழுகின்றது. ஏழையின் வெறுந்தட்டுக்கு அது மெய்யியல் விளக்கமாகி விடுகின்றது. எனக்குக் காலிற் சிறு விறைப்போடு முடிந்தது. சம்பளமும் நூலகமும் இரண்டாம் மருத்துவரும் எனக்கு இருந்தனர்.

என்ன செய்ய வேண்டும் எனப் பொது அறையில் என்னைக் கேட்போருக்கு நான் கூறுவது இதுவே. பி12 நாள்தோறும் குறைந்தது 10 மைக்கிரோகிராம், அல்லது கிழமைக்கு ஒருமுறை 2,000 மைக்கிரோகிராம். ஒரு வேளையில் உடல் திறம்பட ஏற்பது ஏறத்தாழ இரண்டு மைக்கிரோகிராமே. எஞ்சியதில் நூற்றில் ஒரு பங்கே உட்செல்லும். ஆதலினாலேயே கிழமைக் கணக்கு அத்துணைப் பெரிதாயுள்ளது, அச்சம் வேண்டா. ஏற்கெனவே விறைப்புடையோர் இவ்வளவை நம்பியிராது குருதியைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். கருவுற்றிருப்போர் மருத்துவரிடம் தம் உணவை மறையாது கூறல் வேண்டும். நமது சிற்றுண்டிச்சாலையார் 'மரக்கறிச் சாப்பாடு' என எழுதிவைக்கும் தட்டிலுள்ள தேங்காய்ச் சம்பலில் மாசிக்கருவாடு கலந்துள்ளதா என்பதைக் கேட்டறிதலும் நன்று. நான் முதலாண்டு முழுவதும் அறியாமலே அதனை உண்டேன், என் ஈரல் அதற்கும் நன்றி பாராட்டியிருக்கக்கூடும்.

எஞ்சிய ஐயமுடையோர் மாலை வேளைகளிலே பொது அறையில் என்னைக் காணலாம். சுருள்பாசிப் பொதியோடு வருவோர் அதனை வாயிலில் வைத்துவிட்டு உள்ளே வருக.